மொட்டைப் பாறை காலி இடம் அல்ல

ஜூன் 5 வந்தால் போதும், தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். ஒரு பேனர், ஒரு சிறப்பு விருந்தினர், கறுப்புப் பாலிதீன் பையில் மரக்கன்றுகள், தொப்பி போட்ட மாணவர்கள், நாலு கடப்பாரை. ஏதாவது ஒரு பாறைக் குன்றின் சரிவில் குழி தோண்டுவார்கள். பாதிக் குழியிலேயே கடப்பாரை 'ணங்' என்று பாறையில் முட்டும். பரவாயில்லை, மேலே கொஞ்சம் செம்மண்ணைக் கொட்டி நட்டுவிடுவார்கள். ஃபோட்டோ எடுத்தாகிவிட்டது, மொட்டை மலை பசுமையாகப் போகிறது! அடுத்த வருடம் அதே குழியில் அடுத்த கன்று.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. பிரச்சினையே அதுதான். நல்ல எண்ணம் என்பதாலேயே ஒரு சின்னக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்தக் குன்று உண்மையிலேயே மொட்டையாகத்தான் இருந்ததா?

இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் தூரம் போகவேண்டும், எரிமலைத் தீவுகள் வரைக்கும். ஏனென்றால் நிஜமான மொட்டைப் பாறை அங்கேதான் கிடைக்கும். கடலுக்கு நடுவில் நெருப்பிலிருந்து பிறந்த பாறை, பிறந்த அன்று அதில் ஒரு புல் கூடக் கிடையாது. அதில் செடிகள் எப்படிக் குடியேறின, எப்படி மாறின என்று தெரிந்துகொண்டால் பல்லாவரத்துப் பாறையைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

பூஜ்யத்திலிருந்து ஒரு காடு

1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தது. தீவின் பெரும்பகுதி கடலுக்குள் போக, மிஞ்சிய துண்டு முழுக்கச் சாம்பல். மூன்று வருடம் கழித்து, 1886ல், ட்ரோய்ப் என்ற டச்சுத் தாவரவியலாளர் அங்கே போய்ப் பார்த்தார். சாம்பல் மேல் வழவழவென்று நீலப்பச்சைப் பாசிப் படலம். அந்தப் படலத்தின் மேல் பெரணிச் செடிகள். அரை நூற்றாண்டுக்குள் அங்கே காடு வந்துவிட்டது. யாரும் கன்று நடவில்லை.

ஐஸ்லாந்து பக்கம் 1963 நவம்பரில் சர்ட்சி என்று ஒரு புதுத் தீவே கடலிலிருந்து எழுந்தது. 1965லேயே அதில் முதல் பூக்கும் செடி முளைத்துவிட்டது. விதை வந்தது கடல் வழியாக.

நம் நாட்டிலும் ஒன்று உண்டு. அந்தமான் கடலில் இருக்கும் பேரன் தீவு, இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. பத்தொன்பதாம் நூற்றாண்டோடு அடங்கிவிட்டது என்று நினைத்திருந்த எரிமலை 1991ல் மறுபடி வெடித்தது. 'பேரன்' என்றால் ஆங்கிலத்தில் 'தரிசு' என்று அர்த்தம். ஆனால் அந்தத் தீவின் பழைய வெளிச் சரிவுகளில் பச்சைப் பசேல் என்று மரங்கள் நிற்கின்றன. பெயர் தரிசு, உள்ளே காடு. இந்த முரண்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தாம்பரத்துக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

தீவுக்கு யார் வரமுடியும்? காற்றில் பறக்கிற அளவுக்கு இலேசான விதையும் பெரணித் தூளும் வரும். பறவையின் வயிற்றிலோ காலிலோ ஒட்டிக்கொண்டு சில வரும். உப்புத் தண்ணீரில் மிதந்தும் சாகாதவை வரும். மற்றவை வராது. ஹவாய்த் தீவுகள் பக்கத்துக் கண்டத்திலிருந்து 3,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை உள்ள தூரத்தைவிட அதிகம், அதுவும் முழுக்கக் கடல். அவ்வளவு தூரம் தாண்டி வந்து பிழைத்தவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலிருந்து பெருகிய சுமார் ஆயிரம் பூக்கும் தாவர இனங்களில், பத்தில் ஒன்பது உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

செடி தன்னை மாற்றிக்கொள்வதில்லை

பரீட்சையில் எல்லாரும் எழுதுகிற ஒரு வரி உண்டு. "தாவரங்கள் சூழலுக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொள்கின்றன." இந்த வரிக்கு மார்க்கும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அர்த்தம் தப்பு! எந்தச் செடியும் எரிமலைப் பாறையைப் பார்த்து "சரி, இலையைக் கொஞ்சம் தடிமனாக்கிக்கலாம்" என்று முடிவு செய்வதில்லை.

நடப்பது வேறு. ஆயிரம் விதை முளைக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்றின் இலையில் ரோமம் கொஞ்சம் அதிகம், ஒன்றின் வேர் கொஞ்சம் ஆழம். வெயிலும் வறட்சியும் தொள்ளாயிரத்துத் தொண்ணூறைக் கொன்றுவிடுகின்றன. மிச்சம் பத்து விதைவிடும். அடுத்த தலைமுறை அந்தப் பத்தின் பிள்ளைகள். இப்படியே பல்லாயிரம் தலைமுறை. தகவமைப்பு என்று இரண்டு மார்க் கேள்வியில் முடிகிற விஷயத்தின் பின்னால் இருப்பது இத்தனை சாவு.

ஹவாயின் வெள்ளிவாள் செடியைப் பாருங்கள். சுமார் ஐம்பது லட்சம் வருடத்துக்கு முன் கலிஃபோர்னியாவிலிருந்து சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு களைச்செடி எப்படியோ வந்து சேர்ந்தது. இன்று அதன் வம்சத்தில் சுமார் முப்பது இனங்கள். ஒன்று தரையோடு படர்கிறது, ஒன்று புதர், ஒன்று மரம், ஒன்று கொடி. ஹலேயகலா எரிமலையின் உச்சிச் சரிவில் இருக்கிற இனத்துக்கு இலையெல்லாம் வெள்ளி ரோமம். பல பத்து வருடம் வாழ்ந்து, ஒரே ஒரு தடவை ஆள் உயரத்துக்குப் பூத்தண்டு விட்டு, விதை போட்டுச் செத்துவிடும்.

தீவில் கூடுவது மட்டுமல்ல, குறைவதும் நடக்கும். ஹவாயில் மேய்கிற பாலூட்டிகள் கிடையாது. அதனால் முள்ளும் நாற்றமும் வைத்துக்கொண்டு இருப்பது வீண் செலவு. அங்கே இருக்கிற புதினாக் குடும்பச் செடிகள் பலவற்றில் புதினா வாசமே இல்லை. காட்டு ராஸ்பெரிக்கு முள் பேருக்குத்தான். லட்சக்கணக்கான வருடம் எதிரியே வராத ஊரில் கதவுக்குப் பூட்டு எதற்கு?

பிறகு மனிதன் ஆடோடு வந்தான். கதவு திறந்துதான் கிடந்தது.

நம் நாட்டு நார்கொண்டம் தீவிலும் இதுதான் நடந்தது. அந்தமானில் பேரன் தீவுக்கு வடக்கே, சுமார் ஏழு சதுர கிலோமீட்டர் அளவுள்ள தூங்கும் எரிமலைத் தீவு அது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத நார்கொண்டம் இருவாட்சி அங்கேதான் இருக்கிறது. இருவாட்சி அத்திப் பழங்களைத் தின்று விதையைப் பரப்புகிறது, அந்த மரங்கள் இருவாட்சிக்குப் பொந்தும் பழமும் தருகின்றன. 1969ல் அங்கே ஒரு போலீஸ் காவல் நிலையம் வந்தது. சாப்பாட்டுக்கென்று கொண்டுபோன ஆடுகள் காட்டுக்குள் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்து தள்ளின. பெரிய மரம் நிற்கும், ஆனால் அதற்கு வாரிசு இருக்காது. பிற்பாடு ஆடுகளை அகற்றவேண்டி வந்தது.

நல்லது செய்ய வந்த மரம்

ஆடு கெடுக்கும் என்பது எல்லாருக்கும் புரியும். மரமே கெடுக்கும் என்றால்தான் கோபம் வரும். அதற்கும் ஹவாயில் ஆதாரம் இருக்கிறது.

எரிமலைக் குழம்பு ஆறிய புதுப் பாறையில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. 'ஓஹியா' என்ற ஹவாய் மரம் அந்தப் பட்டினியிலேயே பழகியது. பாறை வெடிப்பில் தூசி மாதிரி விதை விழுந்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போர்ச்சுகீசியக் குடியேறிகள் 'ஃபயா' என்ற மரத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் வேரில் இருக்கிற நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்து மண்ணில் சேர்க்கும். மண்ணுக்கு உரம், நிழல், சீக்கிரம் வளர்ச்சி.. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

1980களில் பீட்டர் விட்டூசெக் குழுவினர் கிலவேயா எரிமலைப் பகுதியில் அளந்து பார்த்தார்கள். ஃபயா வந்த இடத்தில் மண்ணில் சேரும் நைட்ரஜன் பல மடங்கு கூடியிருந்தது. பட்டினியில் பழகிய ஓஹியாவுக்கு அதனால் லாபமில்லை, கொழுத்த மண்ணை விரும்புகிற வெளிச் செடிகளுக்குத்தான் கொண்டாட்டம். இத்தனைக்கும் அந்த ஃபயாவும் அசோர்ஸ், கேனரி என்கிற எரிமலைத் தீவுகளின் பிள்ளைதான்! தன் ஊரில் நல்ல மரம், இன்னொரு ஊரில் ஆக்கிரமிப்பு. எந்த மரமும் எல்லா இடத்துக்கும் நல்லது இல்லை.

இனி தாம்பரம்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம், பச்சைமலை, நன்மங்கலம், வண்டலூர் என்று ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு பக்கமும் நிற்கிற குன்றுகள் எரிமலைகள் அல்ல. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலே இருந்த மண்ணெல்லாம் கரைந்தபின் தலைகாட்டியவை. வயது சுமார் 250 கோடி வருடம். இந்தப் பாறைக்கு 1893ல் 'சார்னகைட்' என்று பெயர் வைத்தவர் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவில் இருக்கிற ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், சென்னைப் பக்கத்துப் பாறை. அதனால் அந்தப் பெயர். உலகம் முழுக்கப் புவியியல் படிப்பவர்களுக்குப் பல்லாவரம் தெரியும். பல்லாவரத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது ஜல்லி.

தாம்பரத்துக் குன்றுகளில் ஹவாய் மாதிரி தனி இனங்கள் பிறந்துவிட்டன என்றும் யாரும் சொல்லவில்லை. ஒரு குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான், காக்கையே விதையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் செடியின் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை அதேதான். சுற்றிலும் ஏரியும் வயலும் (இப்போது வீடுகளும்), நடுவில் மண் இல்லாத, சத்து இல்லாத, மே மாதம் கால் வைக்க முடியாத பாறைத் தீவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிற மழை, பிறகு மாதக்கணக்கில் வறட்சி. இங்கே பிழைக்கவும் அதே மாதிரி தேர்வு எழுதியாக வேண்டும்.

தேர்வில் பாஸானவை எவை? பாறையில் ஓடுகிற கறுப்புக் கோடுகளைக் கவனியுங்கள். அழுக்கு இல்லை, பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. கிரகடோவாவில் ட்ரோய்ப் முதலில் பார்த்த அதே வகையறா. சாம்பல் நிறத் திட்டுகள் லைக்கன். வெடிப்புகளில் மயில்தோகை மாதிரி விரிகிற ஒரு குட்டிப் பெரணி. கோடையில் காய்ந்து சுருண்டு செத்த மாதிரி கிடக்கும், மழை விழுந்தால் ஓரிரு நாளில் பச்சையாகிவிடும். சதுரக்கள்ளி, பிரண்டை இரண்டும் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிப்பவை. கேனரித் தீவுகளின் எரிமலைச் சரிவுகளில் நிற்கிற ஒரு கள்ளி, பார்வைக்கு அச்சு அசல் சதுரக்கள்ளிதான். இரண்டும் ஒரே பேரினம். எரிமலைத் தீவிலும் செங்கல்பட்டுப் பாறையிலும் வேலைக்கு எடுக்கப்பட்டிருக்கிற பங்காளிகள்.

இன்னும் நெருக்கமான சொந்தம் விராலி. தமிழ்நாட்டின் வறண்ட குன்றுகளில் சர்வ சாதாரணமான புதர். பிசுபிசுப்பான இலை, இறக்கை வைத்த காய். இதே விராலி, இதே இனம், ஹவாயின் எரிமலைப் பாறையிலும் மனிதன் போவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கிறது! அங்கே அதைத் தங்கள் நாட்டுச் செடி என்று பாதுகாத்து, அழிந்த இடங்களில் திரும்ப வளர்க்கிறார்கள். இங்கே அது 'புதர்'. மரக்கன்று நடுவதற்காக வெட்டி எறியப்படுகிற புதர்.

'மொட்டை' என்ற வார்த்தையின் விலை

இந்த அலட்சியம் தெருவோடு நிற்பதில்லை, காகிதத்திலும் இருக்கிறது. மத்திய அரசு வெளியிடுகிற தரிசுநில வரைபட நூலின் 2019 பதிப்பை எடுத்துப் பாருங்கள். புதர்க்காடும், வெற்றுப் பாறைப் பகுதியும் 'தரிசு' வகைகளாகத்தான் பட்டியலில் இருக்கின்றன. 1988ன் தேசிய வனக் கொள்கை நாட்டில் மூன்றில் ஒரு பங்கு காடோ மரமோ இருக்கவேண்டும் என்றது, மலைப்பகுதிகளில் மூன்றில் இரண்டு பங்கு. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டதும் அதே 33 சதவீத இலக்கோடுதான். தொடக்க விழா நடந்த இடம் வண்டலூர் உயிரியல் பூங்கா.

நாட்டு மரங்களுக்கு முன்னுரிமை என்று அந்தத் திட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள், நல்ல விஷயம். அதே 2022ல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையும் வந்தது, அதுவும் நல்ல விஷயம். ஆனால் கணக்கு சதவீதத்தில் இருக்கும்வரை, விராலிக்கும் பெரணிக்கும் அதில் இடமில்லை. மேலிருந்து பார்த்தால் மரத்தின் தலைதான் தெரியும். பாறையில் நடப்பட்ட நாட்டு மரம் கூட அந்தப் பாறையின் நாட்டு மரம் ஆகிவிடாது. ஆற்றங்கரை மருதமரத்தைத் திரிசூலம் உச்சியில் வைத்துவிட்டு 'நாட்டு மரம் நட்டோம்' என்றால், மீனைப் பிடித்து மரத்தில் விட்ட கதைதான்.

'மொட்டை' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கு வசதி. ஒருவர் ஜல்லி உடைப்பவர். திரிசூலத்திலும் பல்லாவரத்திலும் நன்மங்கலத்திலும் குன்றுகள் குழிகளாக மாறியது "அங்கே என்ன இருக்கு, வெறும் கல்லுதானே" என்ற ஒரே வாக்கியத்தால்தான். இன்னொருவர் கன்று நடுபவர். அவருக்கும் அதே வாக்கியம்தான். ஒருவர் எடுத்துக்கொண்டு போகிறார், ஒருவர் கொண்டுவந்து வைக்கிறார். இரண்டு பேரும் அங்கே இருந்ததைப் பார்க்கவில்லை.

பார்க்காமல் நட்டதன் பலன் தெருவுக்குத் தெரு நிற்கிறது. சீமைக் கருவேலமும் சவுண்டலும் வேரில் நைட்ரஜன் சேர்ப்பவை, வேகமாக வளர்பவை, இரண்டும் 'தரிசைப் பசுமையாக்கும்' என்று சொல்லி வரவேற்கப்பட்டவை. இன்று அவற்றை வெட்டக் கோர்ட் வரை போகவேண்டியிருக்கிறது. ஹவாயின் ஃபயா கதை, ஊர் பெயர் மட்டும் வேறு.

சில மறுப்புகள்

"எல்லாச் செடியும் எங்கிருந்தோ வந்ததுதானே? மிளகாய் அமெரிக்கா, விராலியே கடல் தாண்டிப் பரவியதுதானே?" உண்மை. ஆனால் மிளகாய் தோட்டத்தில் இருக்கிறது, குன்றில் பரவவில்லை. விராலி வந்தது தானாக, மெதுவாக. பூச்சியும் பறவையும் பக்கத்துச் செடியும் அதோடு பழக ஆயிரக்கணக்கான தலைமுறை கிடைத்தது. தீவுகளின் பாடமே இதுதான். யார் எங்கிருந்து வந்தார் என்பதைவிட, எத்தனை வேகத்தில், எத்தனை பேர் வந்தார் என்பது முக்கியம்.

"சென்னை வெயிலுக்கு நிழல் வேண்டாமா?" கட்டாயம் வேண்டும். நிழல் வேண்டியது மனிதர்கள் நடக்கிற இடத்தில். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவருக்கு, குரோம்பேட்டை நடைபாதையில் போகிறவருக்கு, ஸ்கூல் வாசலில் காத்திருக்கிற அம்மாவுக்கு. அங்கே நடச் சொன்னால் கடைக்காரர் சண்டைக்கு வருவார், வயர் இடிக்கும், தினமும் தண்ணீர் ஊற்றவேண்டும். குன்றில் சண்டைக்கு யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் குன்று!

"ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடச் சொல்கிறீர்களா?" இல்லை. விட்டுவிடுவதும் ஒரு வேலைதான், சிரமமான வேலை. 1937ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்தபோது கிடைத்தது சேலையூர் புதர்க்காட்டின் ஒரு பகுதி. அங்கே மரம் நட்டவர்களும் உண்டு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்த வளாகத்துக்குச் செய்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் காரையும் களாவும் சூரையும் இன்றும் அங்கே அடர்ந்து நிற்பதற்கு முக்கியக் காரணம் வெட்டும் மேய்ச்சலும் இல்லாமல் காத்ததுதான். நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிடப்பட்ட குவாரியின் பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தை கூடு வைக்கிறது. அதற்கு வேண்டியது திறந்த பாறை, தோப்பு இல்லை.

செய்யவேண்டிய வேலைப் பட்டியல் நீளமில்லை. குழி தோண்டுவதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் குன்றில் என்னென்ன முளைக்கிறது என்று எழுதிவையுங்கள். தாவரவியல் மாணவர்கள் இருக்கிற ஊரில் இது பெரிய காரியமில்லை. சீமைக் கருவேலத்தையும் சவுண்டலையும் பிடுங்குங்கள், அதற்கும் கடப்பாரை வேண்டும். கோடையில் தீ வைப்பவர்களையும் குப்பை கொட்டுபவர்களையும் தடுங்கள். மண் உள்ள அடிவாரத்தில் நட்டே ஆகவேண்டும் என்றால் அந்த அடிவாரத்துச் செடியின் விதையையே எடுத்து வளர்த்து, ஜூன் வெயிலில் அல்ல, அக்டோபர் மழையில் நடுங்கள். ஜூன் 5 என்பது நியூயார்க்கில் குறித்த தேதி. வடகிழக்குப் பருவமழைக்கு அந்தத் தேதி தெரியாது.

வெள்ளிவாள் செடிக்கு முப்பது வடிவம் வர ஐம்பது லட்சம் வருடம் ஆனது. விராலி கடல் தாண்டிப் போய் எரிமலையில் வேர்விட எத்தனை தடவை தோற்றிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவு காலத் தேர்வில் தேறிய செடிகள் திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்துபோகிற தூரத்தில் நிற்கின்றன. அவற்றைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நர்சரிக் கன்றை வைப்பதற்குப் பசுமை என்று பெயர் வைக்காதீர்கள். அந்தக் குன்று ஏற்கெனவே பச்சைதான், பார்க்கத் தெரிந்தவர்களுக்கு.